கிளாஸ் தண்ணீரில் ஒரு தக்காளித் தண்டு

முதலில் ஒரே ஒரு செடிதான் வாடியது. சித்திரைப் புத்தாண்டு முடிந்த மறு வாரம். காலையில் நிமிர்ந்து நின்ற தக்காளிச் செடி மத்தியான வெயிலில் தலையைத் தொங்கப் போட்டது. சாயங்காலம் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலையில் நிமிர்ந்திருந்தது. தாகம்தான் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் அது நிமிரவே இல்லை. இலையில் மஞ்சள் இல்லை, புள்ளி இல்லை, புழுக் கடித்த ஓட்டை இல்லை. பச்சையாக இருந்தபடியே, வெந்நீரில் போட்ட கீரை மாதிரி துவண்டு கிடந்தது. ஒரு வாரத்துக்குள் அதே வரிசையில் இன்னும் நான்கு செடிகள் அப்படியே போயின.

நாங்கள் இருப்பது கோத்தா கோலா மூடாவிலிருந்து சுங்கை பட்டாணிக்குப் போகும் வழியில் ஒரு சிறிய தாமான். வீடுகளின் பின்னால் காலியாகக் கிடந்த நிலத்தை எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து வெட்டிக் கொத்திப் பாத்தி கட்டினோம். தமிழர் வீடு ஐந்து, மலாய்க்காரர் வீடு இரண்டு, சீனர் வீடு ஒன்று. இதைத் தோட்டம் என்று எங்களில் யாரும் சொல்வதில்லை. கெடாவில் வளர்ந்த தமிழனுக்குத் தோட்டம் என்றால் ரப்பர் தோட்டம்தான்; லயமும், பெரட்டும், பால் வாளியும்தான். அதனால் எல்லா வீட்டிலும் இதற்குப் பெயர் ‘கெபுன்’.

வெண்டி, வெள்ளரி, கீரை, பயற்றங்காய் எல்லாம் சொன்னபடி கேட்டு வளர்ந்தன. தக்காளி என் ஆசை. கடையில் வாங்கும் தக்காளி பெரும்பாலும் கேமரன் மலையிலிருந்து வருகிறது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், இரவில் குளிர். நம் கீழ்நாட்டில் இரவு வெக்கையே தக்காளிக்கு ஆகாது. இரவு வெப்பம் 21 டிகிரி செல்சியசுக்கு மேலே போகப் போக, பூ காயாகாமல் உதிர்வது கூடும். இதெல்லாம் தெரிந்துதான், சமவெளிக்கு என்று விற்கும் ரக விதையாகப் பார்த்து வாங்கி நாற்று விட்டேன். மார்ச் மாதம் இருபத்து நான்கு செடிகள் நட்டேன். சனிக்கிழமைதோறும் காணொலியில் பார்த்தபடி பக்கக் கிளைகளைக் கத்தரித்து, குச்சி கட்டி, பிள்ளை வளர்ப்பது போல வளர்த்தேன். ஐந்தாவது செடி சாய்ந்த அன்று எனக்கு வந்தது வருத்தம் அல்ல, கோபம்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு பாக்சிக், “உப்பு” என்றார். அவர் மீன்பிடிக்காரர். 2004 டிசம்பர் 26 அன்று கோத்தா கோலா மூடாவில் ஆழிப்பேரலை ஏறியபோது படகை இழந்தவர். கெடாவில் அன்று மிக மோசமாக அடிபட்ட இடம் அது. உடைந்த படகுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய நினைவிடம் இன்றும் அங்கே நிற்கிறது. மண்ணில் எது தப்பாகப் போனாலும் பாக்சிக்கின் மனம் முதலில் போவது கடல் தண்ணீரிடம்தான். மூலை வீட்டு அண்ணன், “உரம் பத்தல” என்றார். அவர் விற்பனைத் துறையில் இருப்பவர். எதற்கும் இன்னும் கொஞ்சம் போட்டால் சரியாகும் என்று நம்புபவர். இரண்டு பிடி உரத்தை அள்ளி வேரடியில் போட்டும் விட்டார்.

நான் நினைத்தது களைமருந்து.

அதற்கும் காரணம் இருந்தது. எங்கள் கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது எழுபதை நெருங்குகிறது. மூடப்பட்ட ஒரு தோட்டத்தில் பதினெட்டு வருடம் மருந்தடிக்கிற வேலை செய்தவர். கெபுனின் வேலியோரப் புல்லுக்கு அவர்தான் பொறுப்பு. தக்காளி சாய ஆரம்பித்த அதே வாரம், வேலியோரம் புல் ஒரு முழ அகலத்துக்குப் பழுத்துக் காய்ந்திருந்ததை நான் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். இரவு பத்து மணிக்கு எங்கள் புலனக் குழுவில் படத்தைப் போட்டு எழுதினேன்: “யாராவது வேலியோரம் களைமருந்து அடித்தீர்களா? தக்காளி சாகிறது. தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள்.”

பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. எட்டு வீட்டுக்கும் புரிந்தது. யாரும் பதில் எழுதவில்லை. மறுநாள் முதல் பாட்டி கெபுனுக்கு வரவில்லை.

நான்கு நாள் கழித்து, அம்மா சொன்னதற்காக அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை; உண்மையைக் கேட்கத்தான் போனேன். பாட்டி என்னை உட்காரச் சொன்னார். மைலோ கலக்கிக் கொடுத்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார். பெருவிரல் நகம் இரண்டும் தடித்து, வளைந்து, மஞ்சளாக இருந்தன.

“அந்த டப்பாவ பதினெட்டு வருஷம் முதுகுல சொமந்தேம்மா. நகம் கழண்டு விழும், மூக்குல ரத்தம் வரும், மறுநாளும் போவோம். தோட்டத்த விட்டு வந்த நாள்லேருந்து அத கையால தொட்டதில்ல. வேலியோரம் ஊத்துனது கொதிக்கிற கஞ்சித்தண்ணி. தெனமும் சோறு வடிக்கிறேன், வேணும்னா வந்து பாரு.”

நான் ஒன்றும் பேசவில்லை.

நம்மில் பலருக்கு இது குடும்பக் கதை. தோட்டத்தில் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதிலும் நம் பெண்கள் ஏராளம். 2002-இல் தெனாகனித்தா அமைப்பும், பினாங்கில் இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து இந்தப் பெண்களின் உடல்நிலை பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டன. நகம் கழல்வதும் மூக்கில் இரத்தம் வடிவதும் பாராகுவாட் கலப்பவர்களுக்கும் அடிப்பவர்களுக்கும் வருபவை. பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக நம் அரசாங்கம் 2002-இல் அறிவித்தது. 2006-இல் அந்தத் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான். பாட்டி வேலையை விட்டு எவ்வளவோ காலத்துக்குப் பிறகு. அந்தக் கைகளைப் பார்த்துத்தான் நான் அந்தக் கேள்வியை எழுதியிருந்தேன்.

“அந்த செடிய பாத்தியா நீ?” என்று பாட்டி கேட்டார்.

“தினமும் பாக்குறேன் பாட்டி.”

“பாக்கல. மருந்து பட்ட எல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அது கருகும். பொட்டுப் பொட்டா தீஞ்சு போவும். இது பச்சையா சாயுது. பக்கத்துப் பாத்தியில வெண்டி நல்லாத்தானே நிக்குது? காத்துல வந்த மருந்துக்கு வெண்டி வேற தக்காளி வேறன்னு தெரியுமா? இது மருந்து இல்ல. உள்ளுக்குள்ள என்னமோ அடைச்சிருக்கு.”

வெண்டியைப் பற்றி அவர் சொன்னது பாக்சிக்கின் உப்புக் கணக்கையும் உடைத்துவிட்டது. மண்ணில் உப்பு என்றால் இலையின் ஓரம் காயும், செடி குன்றும், பக்கத்து வெண்டியும் சேர்ந்து வாடும். உரம் போதாவிட்டால் மெதுவாக வெளிறும். மூன்று நாளில் சாயாது. இதெல்லாம் எனக்கும் தெரிந்த விஷயங்கள்தான். ஆனால் நாங்கள் மூவரும் செடியைப் பார்க்கவில்லை. அவரவர் பயத்தைச் செடியில் பார்த்தோம்.

மறுநாள் மாவட்ட விவசாய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்த அதிகாரி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “ஒரு கிளாஸ் தண்ணீர் இருக்கிறதா?” என்றார். அவர் சொன்ன சோதனை இதுதான். புதிதாக வாடிய செடியின் அடித்தண்டை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். தெளிந்த கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை தண்ணீரில் தொடும்படி தொங்கவிடுங்கள். ஆட்டாமல் ஐந்து நிமிடம் பாருங்கள்.

பாட்டி வீட்டு அடுப்படியிலேயே செய்தோம். நான் தண்டைப் பிடித்திருந்தேன். இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு வெட்டிய முனையிலிருந்து வெள்ளையாக, நூல் போல, பால் கலந்த மாதிரி ஒன்று மெதுவாகக் கீழே இறங்கியது. இன்னொன்று. பாட்டி குனிந்து பார்த்தார். “சாம்பிராணிப் பொக தலகீழா போற மாதிரி இருக்கே” என்றார்.

அதுதான் பாக்டீரியா வாடல். மலாயில் ‘லாயு பாக்டீரியா’ என்பார்கள். ரால்ஸ்டோனியா சொலனேசியரம் என்ற நுண்ணுயிர் மண்ணில் இருக்கிறது. வேரில் உள்ள சிறு காயம் வழியாக உள்ளே போகிறது. செடி தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்க்குள் கோடிக்கணக்கில் பெருகிக் கோழை போல அடைத்துக்கொள்கிறது. காலடியில் ஈரம் இருக்க, செடி தாகத்தால் சாகிறது. அதனால்தான் பச்சையாகவே சாய்கிறது. தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு மூன்றையும் வாட்டும் பாக்டீரியா இது என்று அமெரிக்க அறிஞர் எர்வின் ஸ்மித் 1896-இலேயே எழுதிவிட்டார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், நோய் வந்த செடியைக் குணமாக்க மருந்து இல்லை. சூடும் ஈரமும் சேர்ந்த மண் அதற்குச் சொர்க்கம். கெடாவில் ஏப்ரல் மழை பிடித்ததும் செடி சாய ஆரம்பித்தது தற்செயல் இல்லை.

“எப்படிப் பரவுகிறது?” என்று அதிகாரியிடம் கேட்டபோது அவர் மூன்று வழிகள் சொன்னார். மண், தண்ணீர், கத்தி.

மண்ணைப் பற்றி பாக்சிக்குக்கு இப்போது ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே பாத்தியில் அவர் வைத்த கத்தரி இப்படியே சாய்ந்ததாம். வெயில் என்று விட்டுவிட்டாராம். தக்காளி, கத்தரி, மிளகாய், மணத்தக்காளி எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றில் வந்தது மண்ணில் தங்கி அடுத்ததுக்காகக் காத்திருக்கும். தண்ணீரை பாட்டி காட்டினார். பாத்தியின் மேட்டுப் பக்கம்தான் முதல் செடி சாய்ந்தது. பிறகு மழைத்தண்ணீர் ஓடிய வழியில் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியிருந்தது.

கத்தி என்னுடையது.

சனிக்கிழமைதோறும் பக்கக் கிளை கத்தரித்தேன் என்றேன் அல்லவா? அடுப்படிக் கத்தரிக்கோல் ஒன்று. அதைக் கழுவியதே இல்லை. முதலில் வாடிய அந்த மேட்டுச் செடியில்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். அந்தச் சாறு பட்ட கத்தரிக்கோலோடு இருபத்து மூன்று செடிகளுக்கும் போனேன். வாடிய செடிக்குத் தாகம் என்று வாளி வாளியாக ஊற்றிய தண்ணீரும் நோயைக் கீழே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. குழுவில் ‘உண்மையைச் சொல்லுங்கள்’ என்று எழுதியது நான். செடிக்குச் செடி நோயைக் கொண்டுபோனதும் நான்.

அன்று இரவு அந்தப் பழைய செய்தியை அழிக்கப் பார்த்தேன். நேரம் கடந்துவிட்டதால் எல்லாருடைய கைப்பேசியிலிருந்தும் அழிக்க முடியவில்லை. அதனால் அதற்குக் கீழேயே எழுதினேன்: வேலியோரம் யாரும் மருந்து அடிக்கவில்லை, இது மண்ணில் உள்ள நோய், என் கத்தரிக்கோலால் பரவியது, நான் சந்தேகப்பட்டது தவறு. இந்த முறை பாட்டியின் பெயரைப் போட்டு மன்னிப்புக் கேட்டேன். குறை சொல்லும்போது பெயர் போடாமல் தப்பித்தவள், மன்னிப்பையும் பொதுவாகக் கேட்டுத் தப்பிக்கக் கூடாது என்று அம்மா சொன்னார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கெபுனில் கூடினோம். மீதிச் செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ‘தக்காளிக்கு நோய்’ என்று நாங்கள் ஒரே பெயரில் சொன்னது உண்மையில் மூன்று. உங்கள் வீட்டிலும் தக்காளி இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

பச்சையாக, திடீரென்று, முழுச் செடியும் சாய்ந்தால் கிளாஸ் சோதனை செய்யுங்கள். வெள்ளை நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல். செடியை வேரோடும் வேரைச் சுற்றிய மண்ணோடும் எடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். எருக்குழியில் போடாதீர்கள்.

நுனி இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, செடி வளராமல் நின்றால் இலையைத் திருப்பிப் பாருங்கள். தட்டினால் வெள்ளையாகச் சின்னச் சின்னப் பூச்சி பறக்கும். வெள்ளை ஈ. அது கொண்டுவருவது இலைச்சுருட்டை வைரஸ். செடியைக் காப்பாற்ற முடியாது; பிடுங்கிவிட்டு, மஞ்சள் ஒட்டு அட்டை தொங்கவிட்டு ஈயைக் குறைக்கலாம். எங்களிடம் அப்படி மூன்று செடிகள் இருந்தன.

செடி நன்றாக இருந்து, காயின் அடிப்பாகம் மட்டும் கறுத்துக் குழிந்தால் அது தொற்று நோயே இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் காரணம், ஒருநாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாகத் தண்ணீர் விடுவது. மண்மேல் காய்ந்த புல்லைப் பரப்பி, தினமும் ஒரே அளவாகத் தண்ணீர் விட்டால் அடுத்த காய்கள் சரியாக வரும். இந்த இரண்டு செடிகளையும் மூலை வீட்டு அண்ணன் நோய் என்று பிடுங்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினோம்.

மூன்றுக்கும் மூன்று வைத்தியம். ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்தால் கெடுதல். வாடல் வந்த செடிக்கு நான் தண்ணீர் ஊற்றியது அப்படித்தான்.

அந்தப் பாத்தியில் இனி சில வருடத்துக்குத் தக்காளிக் குடும்பத்துச் செடி எதுவும் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். சோளம் போட்டிருக்கிறோம். தக்காளி இப்போது புது மண் நிரப்பிய பாலிபேக்கில், செங்கல் மேல் வைத்து வளர்கிறது. இன்னொரு வழியும் முயற்சி செய்கிறேன். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் பல வருடமாகச் சொல்லிவரும் வழி: வாடலைத் தாங்கும் கத்தரி ரகத்தை அடிச்செடியாக வைத்து, அதன்மேல் தக்காளியை ஒட்டுக் கட்டுவது. வேர் கத்தரியுடையது, காய் தக்காளி. பத்து ஒட்டுக் கட்டினேன், மூன்று பிழைத்தன. கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் நடுவே பிளீச் கலந்த தண்ணீரில் முக்கி எடுக்கிறேன்.

பாட்டி மறுபடியும் வருகிறார். ஆனால் முன்பு போல என்னோடு பேச இரண்டு மாதம் ஆனது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மண்ணுக்கே சில வருடம் கொடுத்திருக்கிறோம்.

குழுவில் ஒரு சிறிய மாற்றம். எது வாடினாலும் இப்போது யாரும் ‘யார் செய்தது?’ என்று கேட்பதில்லை. படத்தைப் போட்டு, “என்ன ஆச்சு, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்” என்று எழுதுகிறார்கள். பாட்டிக்குப் புலனத்தில் எழுத வராது. குரல் பதிவில் சொல்வார். பெரும்பாலும் முதலில் வருவது அவர் குரல்தான்: “எல பின்பக்கத்த திருப்பிக் காட்டு. படம் தெளிவா இல்ல.”

போன வாரம் பாலிபேக்கில் முதல் பழங்கள் பழுத்தன. எட்டு வீட்டுக்கும் பங்கு வைத்தால் ஆளுக்கு அரைப் பழம். பாட்டி தன் பங்கை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, “ரசத்துக்கு ஆவும்” என்றார்.